ரத்தத்தில் குறைவு, மூளையில் மிகுதி

வேலூரில் ஒரு மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. பிரிவில் வேலை பார்க்கிறேன். பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோயாளிகளின் மூளையில் சேர்ந்திருக்கும் இரும்பை அளக்கும்போது உறவினர்கள் கேட்கும் கேள்விகள் என்னை நிறைய யோசிக்க வைக்கின்றன.

குடியாத்தத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவரின் வெள்ளி அரைஞாணைக் கழற்றிக்கொண்டே மகள் கேட்டார்: "போன வருஷம் ரத்தத்தில் இரும்பு குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள் சார். இப்போது மூளையில் அதிகம் என்கிறார்கள். முருங்கைக்கீரையை நிறுத்திவிடட்டுமா?"

டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள் அம்மா என்றேன். ரத்தத்தின் கணக்கு வேறு, மூளையின் கணக்கு வேறு. வயது ஏற ஏற மூளையின் சில பகுதிகளில் எல்லோருக்கும் இரும்பு சேர்கிறது. ஹால்கிரென், சூரண்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1958-லேயே இறந்தவர்களின் மூளையில் அதை அளந்து காட்டினார்கள். பார்க்கின்சனில், நடுமூளையில் உள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதியில் அது இன்னும் கூடுகிறது. இரும்பு இருக்கும் இடத்தில் எம்.ஆர்.ஐ. சிக்னல் விரைவாகத் தேய்ந்துவிடும். அந்தத் தேய்வின் வேகம்தான் எங்கள் அளவு.

தலை அசைந்தால் அந்த அளவு கெட்டுவிடும். பெரியவரின் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி சுருட்டுவதுபோல ஓயாமல் உரசிக்கொண்டிருந்தன. கையின் நடுக்கம் தோள்வழியே தலைக்கு ஏறாதிருக்க, காதோரம் ஸ்பாஞ்சுகளைச் செருகி, முழங்கைக்குக் கீழே மடித்த துணியை வைத்தேன். நடுவில் அவர் கண்ணயர்ந்தார், விரல்கள் நின்றன. தூக்கத்தில் இந்த நடுக்கம் அடங்கிவிடும். உடனே இரும்பை அளக்கும் ஸ்கேனை மறுபடி ஓட்டினேன், படம் தெளிவாக வந்தது.

இரும்பை வெளியேற்றினால் நோய் தணியும் என்று பலரும் நம்பினார்கள், நானும்தான். பார்க்கின்சனுக்கு மருந்தே தொடங்காத 372 நோயாளிகளிடம், இரும்பை வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் என்ற மருந்தின் சோதனை ஐரோப்பாவில் நடந்தது. முடிவு 2022-ல் வெளிவந்தது. மூளையில் இரும்பு குறைந்தது, ஆனால் நோயின் அறிகுறிகள் மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மோசமாயின. உடல் அசைவுக்குத் தேவையான, இந்த நோயில் குறைந்துபோகும் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் நொதிக்கே இரும்பு தேவை. ஆகவே, கூடுதலாக வரும் எண்ணைக் குற்றவாளியாகப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன்.

"எவ்வளவு இருக்கிறது சார்?" என்று மகள் கேட்டார். டாக்டர் சொல்வார் என்றேன். இது 3 டெஸ்லா காந்த வலிமை கொண்ட இயந்திரம், 1.5 டெஸ்லாவில் எடுத்தால் இதே மூளைக்கு வேறு எண் வரும். அடுத்த முறையும் இதே இயந்திரத்தில் எடுக்கும்படி அவருடைய ஃபைலில் எழுதிக் கொடுத்தேன்.