பட்டன் இருக்கிறது, டயர் போய்விட்டது

டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற எங்கள் பெட்டி வருஷத்தில் ஐம்பது நாள் ஓடினாலே அதிகம். தோத்தாபுரி மாங்காய் இறக்க ஆரம்பித்ததும் காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புக்கும் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரிக்குமாக அலையும். சீசன் முடிந்ததும் களத்து மேட்டில் வேப்பமரத்தடியில் நிறுத்தினால், அடுத்த வருஷம்வரை அதை யாரும் தொடுவதில்லை. கோழிகள் மட்டும் அதன் கீழே முட்டை வைக்கும்.

அதனால் டயர் இரண்டும் பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தன. பட்டன், அதாவது ரோட்டில் பதிகிற மேல் ரப்பர், தேயவே இல்லை. "இன்னும் அஞ்சு சீசன் தாங்கும்" என்பது அப்பாவின் கணக்கு.

போன ஜூனில், மூணு டன்னுக்கு மேல் காயை ஏற்றிக்கொண்டு ஹைவே ஏறுவதற்கு முன்னாலேயே இடது பக்க டயர் வெடித்தது. நான் பின்னால் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். ஏதோ குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பெட்டி ஒரு பக்கமாகச் சாய, காய் சரிந்து ரோட்டில் உருண்டது. ஜாக்கி வைத்தால் அது செம்மண்ணுக்குள் இறங்குகிறது. கடைசியில் பாதிக் காயைக் கீழே இறக்கி, ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகையைக் கொடுத்துத்தான் தூக்க முடிந்தது. வெயிலில் நாலு மணி நேரம். போன வருஷம் காய் என்ன விலைக்குப் போனது என்று தோப்பு வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் எங்கள் லோடுக்குக் கழிவு என்று பிடித்துக்கொண்டார்கள்.

பஞ்சர் கடை சேட்டன் டயரைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினார். உள்ளே அரைத்த மிளகு மாதிரி கருப்பாக ரப்பர் தூள். "மோளே, இது ஆணி ஏறி வெடிச்சதில்ல. வெந்து போச்சு" என்றார். காற்று குறைவாக இருக்கும் டயர், ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி நிமிரும். அந்த மடிப்பில்தான் சூடு ஏறுகிறது. உள்ளே உரசி உரசித் தூளாகிறது. வெளியே பக்கச் சுவரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. சில இடங்களில் என் நகமே உள்ளே போனது. பட்டனையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை.

தேதியைப் பாருங்கள் என்றார். டயரின் பக்கச் சுவரில் ஒரு குட்டிக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். எங்கள் டயரில் அது உள்பக்கமாக மாட்டியிருந்ததால் வெளியே தெரிந்ததே இல்லை. வலது டயருக்கு நான் டார்ச்சோடு பெட்டிக்கு அடியில் படுத்துத்தான் படித்தேன்: 1716. 2016இன் பதினேழாவது வாரம். ஓடி ஓடித் தேய்ந்த டயர் இல்லை இது. நின்று நின்றே கிழடு தட்டிய டயர்.

காற்று குறைந்தது எப்படி? அதற்குக் காரணம் அப்பாவேதான். மத்தியான வெயிலில் டயர் சூடாகிக் கல்லு மாதிரி இருக்கும்போது, வெடித்துவிடுமோ என்று கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிடுவார். இருபது வருஷப் பழக்கம். சூட்டில் காற்றழுத்தம் ஏறுவது இயல்பு. அதற்கும் இடம் விட்டுத்தான் டயர் செய்கிறார்கள். காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். இதைச் சொன்னதற்கு ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்புறம் புது டயர். கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் லாரியில் ஓடிய பழைய டயருக்கு மேலே புதுப் பட்டன் ஒட்டிய ரீட்ரெட் டயரை எடுத்து வைத்தார்கள். விலை பாதிகூட இல்லை. அப்பாவுக்கு ஆசை. தினமும் ஓடுகிற லாரிக்கு ரீட்ரெட்டில் தப்பில்லை, சீக்கிரம் தேய்ந்து தீர்ந்துவிடும். எங்களுடையதோ வருஷக்கணக்கில் நிற்கிற வண்டி. மேலே பட்டன் புதுசு, கீழே உடம்பு எந்த வருஷத்தது? தேதியைத் தேடினேன், அந்த இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. வேண்டாம் என்றேன்.

பெட்டிக்கு டிராக்டரின் முன் டயரைப் போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. அது வண்டியைத் திருப்புவதற்கான டயர், ரெண்டு டன் சுமப்பதற்கு இல்லை. அப்பா கேட்டது பெரிய பட்டன்: "சேத்துல பிடிக்கணும்ல?" பெட்டிச் சக்கரத்துக்கு எஞ்சின் சக்தி போவதில்லை, அது சும்மா இழுபட்டு வருகிறது. நேர்கோடு போட்ட பட்டனே போதும். ரோட்டில் சூடும் குறைவு.

எடைதான் முக்கியம். அடுத்த லோடில், எடைமேடையில் டிராக்டரை முன்னால் இறக்கிவிட்டுப் பெட்டிச் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கிற மாதிரி வைத்து எடுத்தேன்: 4,240 கிலோ. ஒரு டயருக்கு 2,120. டயரில் 132 என்று போட்டிருந்தால் அது 2,000 கிலோ தாங்கும். 135 என்றால் 2,180. 140 என்றால் 2,500. காய் எப்போதும் ஒரு பக்கம் சரியும், அதனால் 135 எல்லாம் கயிற்றின் மேல் நடப்பது. 140க்குக் கீழே இறங்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். பல டயரில் இந்த எண்ணே இல்லை, டயர் எத்தனை அடுக்குப் பலம் என்று சொல்கிற பிளை மட்டும்தான். அப்போது கடையில் கம்பெனி அட்டையைக் கேட்டு, எந்த வேகத்துக்கு எவ்வளவு எடை என்று பார்க்க வேண்டும். A8 என்றிருந்தால் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு. எங்கள் பெட்டி முப்பதைத் தாண்டாது. கடைசியில் வாங்கியது 9.00-16 சைஸ், 16 பிளை. ரெண்டு டயரும் சேர்த்தே. ஒன்று போதும் என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தார் அப்பா. அந்த வலது டயரும் அதே வாரம் பிறந்ததுதானே!

சீசன் முடிந்ததும் அச்சுக்குக் கீழே கல் கொடுத்துச் சக்கரத்தை லேசாகத் தூக்கி, கோணிச் சாக்கால் மூடி வைத்தோம். அப்பா பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து பெட்டியின் பின்கதவில் பெரிசாக 0825 என்று எழுதினார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வந்து, "என்னப்பா இது, சர்வே நம்பரா?" என்று கேட்டார்.

"டயரோட ஜாதகம். உன்னோடது எந்த வருஷம்?"

பெரியப்பா முழித்தார். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பிவிட்டார்.