ஏலத்துக்குப் போகும் முன்பே வாங்கிய வீடு: சேலத்து அனுபவம்

2020-ல் ஊரடங்கு தளர்ந்த சமயம், சேலத்தில் வீடு, மனை விலையெல்லாம் இனி சரிந்து விழப்போகிறது என்று டீக்கடையிலிருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் அதே பேச்சு. எங்களுக்கு அழகாபுரத்தில் வாடகை வீடு, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கையில் கொஞ்சம் சேமிப்பு. சரி, இதுதான் சமயம் என்று நானும் வீட்டுக்காரியும் தேட ஆரம்பித்தோம். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் நமக்கு எட்டாது என்று தெரியும், அதனால் கன்னங்குறிச்சி, சூரமங்கலம், இரும்பாலை ரோடு, அம்மாபேட்டை என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தோம். யாரும் விலையை இறக்கவில்லை. வாங்க ஆள் இல்லாமல் மாசக்கணக்கில் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குக்கூட 2019-ல் சொன்ன அதே விலைதான்.

ஏன் என்று பார்த்தால், நாங்கள் சந்தித்த வீட்டுக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த வீட்டின் மேல் கடனே கிடையாது. அப்பா காலத்தில் வாங்கிப் போட்டது, இல்லாவிட்டால் தறியிலோ கொலுசுப் பட்டறையிலோ சம்பாதித்துக் கட்டியது. விலை படியவில்லையென்றால் "கிடக்கட்டும் விடுங்க, அதென்ன சோறா கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அம்மாபேட்டையில் ஒரு பெரியவர் இதையே என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, நான் தேட வேண்டியது சோறு கேட்கிற வீட்டை, அதாவது மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கிற, அது கட்ட முடியாமல் நிற்கிற வீட்டை.

அந்த மாதிரி வீடுகள் மந்தம் வந்த உடனே சந்தைக்கு வரவில்லை, ஒரு வருஷம் கழித்துத்தான் வந்தன. 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணைக்கு ரிசர்வ் வங்கி அவகாசம் கொடுத்திருந்தது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 31 வரை சரியாக இருந்த கணக்குகளை இப்போதைக்கு வாராக்கடன் என்று அறிவிக்க வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அந்தத் தடை 2021 மார்ச் 23-ல்தான் நீங்கியது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன், அப்புறம் சர்ஃபாசி சட்டம் (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு வழிசெய்கிற சட்டம்) 13(2) பிரிவில் நோட்டீஸ், அதில் 60 நாள் கெடு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், 2020-ல் தறி நின்றுபோனவருடைய வீட்டுக்கு 2021 நடுவிலோ கடைசியிலோதான் நெருக்கடி முற்றும். தமிழ் தினசரிகளில், வங்கி வீட்டை எடுத்துக்கொண்டதாகச் சொல்கிற 'சுவாதீன அறிவிப்பு' என்று கட்டம் கட்டி வருகிற விளம்பரங்கள் அந்த வருஷம் மழைக்காலத்தில்தான் என் கண்ணில் அடிக்கடி பட ஆரம்பித்தன. அதுவரை அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிற ஆள்தான் நான்.

முதலில் எல்லோரையும் போல ஏலத்துப் பக்கம்தான் போனேன். வங்கி ஏலம் என்றால் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. சீலநாயக்கன்பட்டி தாண்டி ஒரு தனி வீடு, குறைந்தபட்ச விலை அந்தப் பகுதி விலையைவிட நன்றாகவே குறைவு. அறிவிப்பைப் பொறுமையாகப் படித்தால் 'அடையாள சுவாதீனம்' என்று ஒரு சொல் இருந்தது. அப்படியென்றால் வங்கி வீட்டை எடுத்துக்கொண்டதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான், உள்ளே ஆள் குடியிருக்கிறார்கள். நேரில் போய்ப் பார்த்தேன். கேட்டில் ஒட்டிய நோட்டீஸை யாரோ பாதி கிழித்திருந்தார்கள், உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது. வெளியே வந்தவர் வீட்டுக்காரரும் இல்லை, போக்கியத்துக்குக் குடியிருப்பவர். "எங்க அஞ்சு லட்சத்தை யாரு தர்றாங்களோ அவங்ககிட்ட சாவியக் கொடுத்துட்டுப் போறோம்" என்றார், கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாக. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர் நிலைமை அது. ஆனால் அந்த ஐந்து லட்சமும், அவர் கிளம்பும் வரைக்கும் போகிற காலமும், வாங்குகிறவன் தலையில்தான் விழும். அதே சட்டத்தின் பிரிவு 14-ல் வங்கி மாவட்ட ஆட்சியரிடம் மனுப்போட்டுக் குடியிருப்பவரை வெளியேற்றலாம், ஆனால் அது எப்போது நடக்கும் என்று வங்கிக்காரராலேயே சொல்ல முடியவில்லை. கடன் வாங்கியவர் 17-ஆம் பிரிவில் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டால் அது தனிக் கதை.

பணம் கட்டுகிற வேகமும் நம்மைப் போல் வீட்டுக்கடன் எடுப்பவனுக்கு ஒத்துவராது. ஏலம் படிந்த அன்றோ அடுத்த வேலை நாளோ மொத்தத்தில் கால் பங்கு கட்டணும், மிச்சத்தை 15 நாளில். வங்கி எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டால் மூன்று மாசம் வரை தள்ளலாம், ஆனால் அதை நம்பிக் கை தூக்க முடியாது. 'உள்ளது உள்ளபடி' என்று போட்டிருப்பதால் பழைய வீட்டு வரி, தண்ணீர் வரி, கரண்ட் பாக்கி எல்லாமே நம்முடையது. கையில் முழுப் பணம் இருக்கிறவர்களுக்கு, முதல் ஏலத்தில் ஆள் வராமல் இரண்டாவதற்குக் குறைந்தபட்ச விலையைக் குறைத்துப் போடும்போது நல்ல சரக்கு கிடைக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

இதற்கு நடுவில் ஏற்காட்டில் அடிவாரத்து விலைக்கே மலைமேல் மனை என்று கூப்பிட்டார்கள். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணைய அனுமதி எங்கே என்று கேட்டதும் அப்புறம் போனே வரவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

திருப்பம் தாதகாப்பட்டி கேட் பக்கம் ஒரு வயதான தரகரால் வந்தது. இரண்டு பக்கமும் ஒரு சதவீதம் வாங்குவார், வாட்ஸ்அப் எல்லாம் கிடையாது. அவர் சொன்னது: "தம்பி, போர்டு மாட்டின வீட்டுல உங்களுக்கு ஒண்ணும் படியாது. போர்டு மாட்டக் கூச்சப்படறவன் வீட்டத்தான் பாக்கணும்." அவருக்குத் தெரிந்த வீடு நெத்திமேட்டுப் பக்கம். சொந்தக்காரர் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். ஊரடங்கில் ஆர்டர் நின்றது, 2020 ஆகஸ்டில் வெள்ளி கிலோ எழுபதாயிரத்தைத் தாண்டியதும் கடன் வெள்ளி கொடுத்தவர்கள் நெருக்கினார்கள், பட்டறையை மூடினார். வீட்டுக்கடன் நின்றுபோய் 13(2) நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டது, பேப்பரில் இன்னும் வரவில்லை. தெருவில் யாருக்கும் தெரியக்கூடாது, பேப்பரில் தன் பேர் வருவதற்குள் முடியணும். அவருக்கு விலையைவிட அதுதான் பெரிசாக இருந்தது.

வீட்டை வேண்டுமென்றே நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தோம். சேலத்தில் தாழ்வான பகுதியில் வீடு பார்க்கிறவர்கள் வெயில் நாளில் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது, பச்சப்பட்டிப் பக்கம் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இங்கே தெரு மேடு, தண்ணீர் நிற்கவில்லை. குழாய் வாயில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது, போர் தண்ணி உப்பு, குடிக்க மாநகராட்சித் தண்ணிதான். முன்அறையில்தான் பட்டறை நடந்திருக்கிறது. கொலுசு வெளுக்கிற ஆசிட் சிந்திச் சிந்தி ஒரு மூலையில் சிமெண்ட் தரை அரித்து ஜல்லி தெரிந்தது, சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாகக் கறை. வீட்டுக்காரி அதைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மாடியில் ஒரு ரூம் போட்டிருந்தார்கள், மாநகராட்சி அனுமதி வாங்கிய வரைபடத்தில் அது இல்லை. வங்கி மதிப்பீட்டாளர் அந்த ரூமைக் கணக்கில் சேர்க்க மாட்டார், அதனால் நாங்களும் சேர்க்கவில்லை.

அவர் சொன்ன விலை 54 லட்சம். வங்கிக்குப் பாக்கி வட்டியோடு சுமார் 31. எங்களுக்கு முன்னால் ஒருவர் 49 கேட்டிருந்தார், எங்களுக்கு அது எட்டாத விலை. ஆனால் அவர் வழிகாட்டி மதிப்புக்கு, அதாவது பதிவுக்கு அரசு வைத்திருக்கிற குறைந்தபட்ச மதிப்புக்குப் பத்திரம் போட்டுவிட்டு மிச்சத்தை ரொக்கமாகத் தருவேன் என்கிற ஆள். நம்ம ஊரில் சாதாரணமாக இதுதான் நடப்பு, முழுக்க வெள்ளையில் வாங்க வருகிறவனை விற்பவர்கள் ஏற இறங்கப் பார்ப்பார்கள். சொத்து விற்பனையில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதையே வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பது வேறு விஷயம். கடன் கணக்கை அடைக்க வேண்டியவருக்கு வெள்ளைப் பணம்தான் வேலைக்காகும். என் வங்கியின் டிடி நேராக அவர் கடன் கணக்குக்குப் போகும் என்றதும் பேச்சு மாறியது. அவர் கேட்டது இரண்டு: தை பிறக்கும் வரை வாடகை இல்லாமல் இருந்துகொள்ள வேண்டும், மார்கழியில் வீடு மாற மாட்டோம், அப்புறம் கொல்லையில் இருக்கிற ஆட்டுக்கல் அவர் அம்மாவுடையது, அதை எடுத்துப் போவார்கள். இரண்டுக்கும் சரி என்றோம். 46.5-ல் படிந்தது.

இனி நடந்ததுதான் உண்மையான வேலை. 13(2) நோட்டீஸ் வந்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் சொத்தை விற்கக்கூடாது என்று அதே சட்டத்தில் 13(13) இருக்கிறது. இதைத் தரகரும் சொல்லவில்லை, பத்திரம் எழுதுகிறவரும் சொல்லவில்லை, எங்கள் வக்கீல்தான் பிடித்தார். இன்னொன்றும் சொன்னார்: 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் முழுப் பாக்கியையும் கட்டினால்தான் வீட்டுக்காரருக்குச் சொத்தை மீட்கிற உரிமை. அதனால் நாங்கள் மூன்று பேரும், அவர், நான், தரகர், வங்கிக் கிளைக்குப் போய் மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவருக்குச் சந்தோஷம்தான், ஏலம் போடுகிற வேலை மிச்சம். ஆனால் கடிதம் மட்டும் மேலிடத்துக்குப் போய் வர நாளானது, வீட்டுக்காரர் தினமும் சாயந்திரம் எனக்குப் போன் பண்ணி "வந்துருச்சாங்க" என்பார், கடிதம் அவர் வங்கியிலிருந்து வரவேண்டியது என்பதை மறந்துவிட்டு.

அட்வான்ஸை அவர் கையில் கொடுக்கவில்லை. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிட்டு, இரண்டு லட்சத்தை அவருடைய கடன் கணக்கிலேயே கட்டினேன், செல்லான் என் பேரில். அவருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. ஆனால் நாளைக்கே வேறு ஏதாவது சிக்கல் வந்தால் அந்தப் பணம் எங்கே போனது என்பதற்கு வங்கியே சாட்சி.

வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். அதில் அவர் வங்கிக்கு எழுதிக் கொடுத்த அடமானப் பதிவு தெரியும், வேறு யாருக்காவது பவர் கொடுத்திருக்கிறாரா, வேறு ஒப்பந்தம் போட்டிருக்கிறாரா என்பதும் பதிவாகியிருந்தால் தெரியும். பதிவாகாத கைமாற்றுக் கடன் தெரியாது, அதனால் தெருவில் இரண்டு மளிகைக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டே விசாரித்தோம். தாய்ப்பத்திரம் வங்கியில் இருப்பதால் நகலை வைத்துத்தான் வக்கீல் பார்த்தார். எங்கள் வங்கி, அவர் வங்கியிடமிருந்து இரண்டு தாள் கேட்டது: இந்தத் தேதிக்குள் இவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்கிற கடிதம், கைவசம் இருக்கிற அசல் ஆவணங்களின் பட்டியல். முதல் கடிதத்தில் தேதி தாண்டினால் நாளுக்கு நாள் வட்டி ஏறும், அதனால் எங்கள் கடன் ஒப்புதல் வந்த பிறகுதான் அதை வாங்கினோம்.

பதிவு நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலில் அவர் வங்கி ஆள் வந்து கடன் தீர்ந்த ரசீதைப் பதிவு செய்தார், அதே கையோடு எங்கள் கிரயப் பத்திரம். கேட்க எளிது. அதற்கு முந்தின வாரம் டிடி போய்ச் சேர்ந்து, அசல் பத்திரங்கள் அவர்கள் சேமிப்பு மையத்திலிருந்து வரவேண்டிய இடைவெளிதான் தூக்கம் கெடுத்தது. பணம் போய்விட்டது, காகிதம் வரவில்லை, கையில் ஒப்பந்தமும் வங்கிக் கடிதமும் மட்டும். இப்போது கடன் தீர்ந்த 30 நாளுக்குள் ஆவணத்தைத் தரவேண்டும், தாமதம் வங்கியால் என்றால் நாளுக்கு 5000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. எங்கள் காலத்தில் அது இல்லை.

செலவில் எல்லோரும் மறக்கிற ஒன்று பதிவுச் செலவு. அப்போது முத்திரைத்தீர்வை எல்லாம் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4, ஆக 11. முழுத் தொகைக்கும் பத்திரம் போட்டதால் ஐந்து லட்சத்துக்கு மேல் போனது. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 2 ஆனது, கூடவே வழிகாட்டி மதிப்பை 2017-ல் குறைப்பதற்கு முந்தின அளவுக்கு ஏற்றிவிட்டார்கள். மறுபக்கம், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தருகிற ரெப்போ வட்டி 4 சதவீதத்தில் கிடந்த காலம் என்பதால் எங்கள் வட்டி ஏழுக்குள் அமைந்தது. 2022 மே-யிலிருந்து அது ஏறிய ஏற்றத்தில், விலையில் குறைத்ததில் ஒரு பங்கு வட்டியாகத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறது.

தை பிறந்து ஒரு வாரத்தில் சாவி வந்தது. ஆட்டுக்கல்லை இரண்டு பேர் உருட்டிக்கொண்டு போய் மினி வேனில் ஏற்றினார்கள், குழவியை மட்டும் அவர் மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். வீட்டு வரி, கரண்ட் பெயர் மாற்றம் எல்லாம் சுலபமாக முடிந்தது. டவுன் சர்வேயில், அதாவது நகர நில அளவைப் பதிவேட்டில், பெயர் மாற்றத்துக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. முன்அறைத் தரையைக் கொத்தி எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டோம், கொத்தனார் கேட்டது எங்கள் கணக்கைவிடக் கொஞ்சம் கூட.