ஆமா போடும் குரல்

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு பாடும் இளம்பெண் ஒருத்தி இரண்டாவது ஆல்பத்துக்காக வந்தபோது, முதல் ஆல்பத்தில் நான் செய்த பிழை மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. அப்போது குடத்தை ஒரு நாளும் உடுக்கையை ஒரு நாளுமாகத் தனித்தனி டிராக்கில் பதிந்தேன். பின்பாட்டுக்காரர் வரிக்கு வரி போடும் 'ஆமா'வை இடைஞ்சல் என்று முக்கால்வாசி வெட்டிவிட்டேன். சுத்தமாகத்தான் இருந்தது. கொடையில் கேட்கிற கதையாக இல்லை.

இந்தத் தடவை உட்காருமுன்பே கேட்டாள்: "ஆமா போட ஆளில்லாம நான் யாருக்கு அண்ணாச்சி கதை சொல்லுதது?"

குழுவின் ஐந்து பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்தேன். வில்லையும் குடத்தையும் பிரித்ததே தப்பு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. வில்லைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்தல்லவா கட்டுகிறார்கள்! பாடுகிறவர் கையிலிருக்கும் வீசுகோல் நாணில் விழுந்தால் வில்லில் கட்டிய மணி குலுங்கும், கூடவே குடமும் லேசாக முனகும். குடக்காரர் மட்டையால் குடத்தின் வாயில் அடிக்கும்போது கிளம்பும் காற்று மைக்கில் மோதி உடைந்தது. மைக்கைச் சாய்த்து ஒரு முழம் தள்ளி வைத்த பிறகே குடம் குடமாகக் கேட்டது. மணிச் சத்தம் எல்லா மைக்கிலும் புகுந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பாடியது முத்துப்பட்டன் என்ற நாட்டார் வீரனின் கதை. மாட்டுத் திருடர்களோடு மோதிய பட்டன் விழும் இடத்தில் அவள் சட்டென்று நிறுத்தினாள். வில்லும் நின்றது. பின்பாட்டுக்காரர் தொண்டைக்குள்ளேயே ஒரு 'ஆமா' சொன்னார். ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கை நடுங்கியது. இரண்டாவது டேக் எடுக்கவில்லை.

கம்பெனி எதுவும் இல்லை, கொடைக் காசில் அவளே வெளியிட்டாள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண் வாங்கி, ஐந்து பேர் பெயரையும் சேர்த்தோம். நிகழ்த்துபவருக்கும் ராயல்டியில் உரிமை உண்டு என்று 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. பெயரே பதிவாகாதவர் அதை எப்படிக் கேட்பார்?

வெளியிடுவதற்கு முன்னால், தெரிந்த மைக்செட்காரரின் குழாய் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தோம். வில்லுப்பாட்டை எங்கள் ஊர் அதில்தானே கேட்டிருக்கிறது. குடத்தின் அடித்தொனி அதில் நிற்கவில்லை. 'ஆமா' மட்டும் தெருமுனை வரை கேட்டது.