லித்தியத்துக்கும் பரம்படிக்க வேண்டும்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வயலுக்கு கே.ஆர்.பி. அணைத் தண்ணீர் பாய்கிறது. போன வாரம் ஊருக்குப் போனபோது அப்பா நாற்று நடுவதற்காகச் சேற்றைச் சமமாக்கப் பரம்படித்துக்கொண்டிருந்தார். “லேப்ல நீ என்னதாம்மா பண்றே?” என்றார். “இதேதான்ப்பா, லித்தியத்துல” என்றேன். வரப்பில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதுதான் இது.

போனிலும் ஸ்கூட்டரிலும் உள்ள பேட்டரியின் நெகட்டிவ் முனையில் பெரும்பாலும் கிராஃபைட் இருக்கிறது. அது கிராமுக்கு 372 மில்லியாம்பியர்-மணி மின்னூட்டம் பிடிக்கும். அதே இடத்தில் லித்தியம் உலோகத்தையே வைத்தால் 3,860. பத்து மடங்கு! 1970களிலேயே ஸ்டான்லி விட்டிங்ஹாம் என்ற வேதியியலாளர் லித்தியம் உலோகத்தை வைத்து பேட்டரி செய்தார். ஆனால் சார்ஜ் ஏற்ற ஏற்ற உலோகத்தில் ஊசி ஊசியாய் முளைத்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிடும். அப்படித் தொட்டால் ஷார்ட், தீ. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த பேட்டரி கார்பனை நம்பியதற்கு இதுவே காரணம்.

“மேடு பள்ளம் இருந்தா தண்ணி பள்ளத்துலதானே தேங்கும்?” என்றார் அப்பா. இங்கே தலைகீழ். சின்ன மேடு இருந்தாலும் மின்புலம் அதன் நுனியில் குவியும், லித்தியம் அங்கேயே போய்ப் படியும், மேடு இன்னும் வளரும். “இருக்கறவனுக்கே மேல மேல சேருதா” என்றார்.

முதல் ஆறு மாதம் நான் லித்தியத் தகட்டைச் சுரண்டியதோடு நிறுத்தினேன். காற்றுப் படாமல் ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் இருந்தும் தகட்டின் மேல் ஆக்சைடு, கார்பனேட் என்று மங்கலாய்ப் படிந்திருக்கும். பிளேடால் சுரண்டினால் வெள்ளி போல மின்னும், அது போதும் என்று நம்பினேன். காயின் செல்லில், அதாவது சோதனைக்கான நாணய அளவு பேட்டரியில், மின்னழுத்தக் கோடு ஒழுங்காய்ப் போய்க்கொண்டிருந்து ஒருநாள் பொத்தென்று விழும். பிரித்துப் பார்த்தால் பிளேடு கீறிய தடத்தின் மேலேயே பாசி பிடித்தது போல சாம்பல் நிறப் படிவு. மேட்டை நானே உண்டாக்கியிருக்கிறேன்.

இப்போது பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து உருளையால் சமப்படுத்துகிறேன். அப்புறம் துளியும் நீரில்லாத டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானில் ஜிங்க் குளோரைடைக் கரைத்து அதில் தகட்டைக் கொஞ்ச நேரம் நனைக்கிறேன். பளபளப்பு போய் மங்கிவிடும். லித்தியமும் துத்தநாகமும் சேர்ந்த உலோகக் கலவை ஒன்றும், லித்தியம் குளோரைடும் மெல்லிய தோலாய்ப் படிகின்றன. கலவைக்குள் லித்தியம் வேகமாய் நகரும். குளோரைடு எலக்ட்ரானை விடாது. அதனால் லித்தியம் தோலின் மேல் முளைக்காமல் அடியில் பரவிப் படிகிறது. அதிக நேரம் ஊறினால் தோல் தடித்து மின்தடை ஏறிவிடும். அந்தப் பக்குவம் கைவர எனக்கு நாளாயிற்று.

எல்லாம் கேட்டுவிட்டு அப்பா கேட்டார்: “காஞ்ச வயல் மாதிரி அந்தத் தோல் வெடிக்காதா?”

வெடிக்கிறது. ஒவ்வொரு சார்ஜுக்கும் லித்தியம் வீங்கும், டிஸ்சார்ஜில் சுருங்கும். குளோரைடுக்கு வளையத் தெரியாது. விரிசலில் புது லித்தியம் வெளியே தெரிந்ததும் எலக்ட்ரோலைட், அதாவது பேட்டரிக்குள் இருக்கும் திரவம், அதைத் தின்னத் தொடங்குகிறது. அதனால் அடுத்த வாரம் அந்தத் தோலின் மேல் வளைந்துகொடுக்கும் பாலிமர் ஒன்றைப் பூசிப் பார்க்கப் போகிறேன்.