தங்கச்சி பையனுக்கு உதவித்தொகை வாங்கினோம்

தங்கச்சி வீட்டுக்காரர் குடிச்சுக் குடிச்சே போய்ச் சேர்ந்தார். அப்புறம் மூணாவது படிக்கிற அவ பையன் பேச்சையே குறைச்சுட்டான். சட்டைக் காலரைக் கடிச்சு நூல் நூலா பிரிச்சு வெச்சிருப்பான். விடிஞ்சா பாயெல்லாம் ஈரம். "காத்துக் கருப்புங்க, மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க"ன்னு ஊர்ல சொன்னாங்க. கட்டியும் பாத்தாச்சு.

டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண் 14416 இருக்கு, அதுக்குப் போன் பண்ணினேன். தமிழ்லயே பொறுமையா கேட்டு, அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னாங்க. அங்க சீட்டு போடுறவர், வரிசையே திரும்பிப் பாக்கற மாதிரி, "பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டரா? இன்னைக்கு வரமாட்டாரு"ன்னு கத்தினார். பையன் என் முந்தானைக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டான். எனக்கு இன்னும் ஆறலை. டாக்டர் எந்தக் கிழமை வர்றார்னு முன்கூட்டியே விசாரிச்சுக்குங்க. சீட்டு வாங்கற வரைக்கும் குழந்தையை வெளியிலயே உக்கார வைங்க.

மறுபடி போனப்ப இருந்த டாக்டரம்மா தங்கமானவங்க. படம் வரையச் சொன்னாங்க. வீட்டை ஒரு ஓரத்துல, அம்மா வேலை பாக்கற தறிப் பட்டறையை இன்னொரு ஓரத்துல வரைஞ்சான். நைட் ஷிப்ட் போற அம்மாவும் அப்பா மாதிரி திரும்பி வராமப் போயிடுவாளோன்னு பயம். "ராத்திரி அம்மா பக்கத்துல இருக்கணும்"ன்னாங்க. நைட் ஷிப்டை விட்டா அரிசிக்கு எங்க போறது? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல, மிஷன் வாத்சல்யாங்கற அரசோட குழந்தைகள் நலத் திட்டத்துல மாசம் 4,000 ரூபாய் வாங்கலாம்னு அவங்கதான் வழி காட்டினாங்க.

மத்த காகிதமெல்லாம் இருந்துச்சு. மாட்டினது வருமானச் சான்றிதழ்ல. கிராமத்துக் குடும்பம்னா வருஷத்துக்கு 72,000-க்குள்ள இருக்கணும். எங்களுக்கு வந்ததோ 84,000! தங்கச்சியை ஒரு வார்த்தை கேக்காம, மாசம் ஏழாயிரம்னு எழுதிட்டாங்க. பாவு (தறியில ஏத்தற நூல்) இல்லாம தறி நின்னா கூலியே இல்லைன்னு தறிக்காட்டுல யாருக்குத் தெரியாது? "நானென்னங்க பண்றது, மறுபடி இ-சேவையில போடுங்க"ன்னு கிளார்க் கையை விரிச்சுட்டார்.

விடலை. பட்டறைக்காரர்கிட்ட வாரக்கூலி நோட்டை வாங்கிட்டு தாசில்தாரையே பாத்தோம். கூலி எழுதாத வாரங்களை அவரே பக்கம் பக்கமா புரட்டிப் பாத்தார். புதுச் சான்றிதழ் 60,000-னு வந்துச்சு. நீங்க விண்ணப்பிக்கும்போதே வி.ஏ.ஓ.வை நேர்ல பாத்து இந்த நோட்டைக் காட்டிடுங்க.

இப்ப தங்கச்சி பகல் ஷிப்ட். பாய் சில நாள் இன்னும் நனையுது. ஆனா வகுப்புல அவனாவே எழுந்து கணக்குல சந்தேகம் கேட்டானாம், டீச்சர் சொன்னாங்க. தங்கச்சி அன்னைக்கு அழுதுட்டா.

ஒண்ணு மறந்துடாதீங்க: பள்ளிக்கூடம் ஒழுங்கா போகலைன்னா பணத்தை நிறுத்தலாம். ஆஸ்பத்திரிக்குப் போற நாள்ல லீவு லெட்டரோட ஓ.பி. சீட்டு நகலையும் சேர்த்துக் குடுங்க.