பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு கீ

சிவகாசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவனுக்கு ஆடி பிறந்தாலே தூக்கம் போய்விடும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது இங்கே வழக்கம். அதற்கு முந்தைய வாரங்களில் எந்த பிரஸ்ஸுக்குப் போனாலும் டிசைன் செய்யும் டிடிபி அறையில் ராத்திரியும் வேலை ஓடிக்கொண்டிருக்கும். அப்போது ஒரு மெஷின் மக்கர் செய்தால், விடியும் முன்பே முதலாளியிடமிருந்து போன் வரும். "தம்பி, ஆன் பண்ணினா கறுப்பா ஸ்கிரீன் வந்து இங்கிலீஷ்ல என்னமோ பெர்சன்டேஜ் ஓடுது. விண்டோஸுக்குள்ளயே போக மாட்டேங்குது. அதை வராம பண்ணிவிட முடியுமா?"

அவர் சொல்வது டிஸ்க் செக்கிங், அதாவது ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்கை விண்டோஸ் தானே சோதித்துப் பார்ப்பது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது நீல ஸ்கிரீனில் வந்து, "வேண்டாம் என்றால் பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்து" என்று கேட்கும். ஆபரேட்டர்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். ஆன் செய்த கையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். படித்துப் பார்த்தவர்கள் குறைவு.

அந்த அலட்சியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 98 நாட்களில் டிஸ்க் எல்லாம், ஃபைல்களை அடுக்கி வைக்கும் பழைய முறையான எஃப்ஏடி-யில் இருந்தது. கரண்ட் போய் மெஷின் அணைந்தாலே, அடுத்த முறை ஸ்கேன்டிஸ்க் என்ற சோதனை புரோகிராம் வந்து "சரியாக ஷட்டவுன் செய்யவில்லை" என்று கண்டிக்கும். பெரும்பாலும் ஒன்றும் கெட்டிருக்காது. அதனால் "கரண்ட் போனா வரும், தட்டிவிட்டுப் போ" என்பது தொழில் அறிவாகவே படிந்துவிட்டது. 2012-ல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது அந்த அறிவு இன்னும் உறுதிப்பட்டது.

ஆனால் என்டிஎஃப்எஸ் என்ற புது முறை வந்தபின் விஷயம் வேறு. அது தன் அமைப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு பதிவில் குறித்துக்கொண்டுதான் செய்யும். கரண்ட் போனால் அடுத்த முறை அந்தப் பதிவைப் பார்த்துத் தானே சரிசெய்துகொண்டு சத்தமில்லாமல் விண்டோஸுக்குள் போய்விடும். முழுச் சோதனை வேண்டும் என்று அது கேட்டால், தன் அமைப்பிலேயே ஏதோ ஒத்துவரவில்லை என்று பார்த்திருக்கிறது. கணக்கு இடிக்கிற பக்கத்தின் ஓரத்தில் கணக்குப்பிள்ளை பென்சிலால் புள்ளி வைப்பதைப் போல, அந்த டிரைவில் ஒரு குறி போட்டு வைக்கும். டர்ட்டி பிட் என்பார்கள். அடுத்த முறை ஆன் செய்யும்போது, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே ஆட்டோசெக் என்ற சின்ன புரோகிராம் அந்தக் குறியைத் தேடும். இருந்தால் சோதனை ஆரம்பிக்கும். சோதனை ஒழுங்காக முடிந்தால்தான் குறி அழியும். நீங்கள் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அன்றைய சோதனை தள்ளிப்போகும், அவ்வளவுதான். மறுநாள் காலையிலும் கேட்கும்.

இதை விளங்கச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு பிரஸ்ஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7 மெஷின். டி டிரைவில் காலண்டர் டிசைன்கள் எல்லாம் இருந்தன. புகார் டிஸ்க் செக்கிங் பற்றியே அல்ல. "கோரல்டிரா டிசைன் ஃபைல் திறக்க ரொம்ப நேரம் எடுக்குதுங்க" என்றார் ஆபரேட்டர் அக்கா. "முன்னாடி காலைல ஒரு செக்கிங் வரும். ஒருத்தர் வந்து அதை நிறுத்திக் குடுத்தார். அப்புறம் அந்தத் தொல்லை இல்ல. இதுதான் பிரச்சினை."

நிறுத்திக் கொடுத்தார் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து எஃப்எஸ்யூட்டில் என்ற கட்டளையில், டி டிரைவில் அந்தக் குறி இருக்கிறதா என்று கேட்டேன். டர்ட்டி என்றது. விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், செஷன் மேனேஜருக்குக் கீழே, ஆன் ஆகும்போது எதை ஓட்டுவது என்று சொல்லும் பூட்எக்ஸிக்யூட் என்று ஒரு வரி உண்டு. வழக்கமாக அதில் 'ஆட்டோசெக் ஆட்டோசெக் ஸ்டார்' என்ற அளவில்தான் இருக்கும். இங்கே நடுவில் 'கே, டி' என்று ஒரு சேர்க்கை. செக்என்டிஎஃப்எஸ் கட்டளையை எக்ஸ் போட்டு ஓட்டினால் இப்படி ஆகும். குறி இருந்தாலும் டி டிரைவைப் பார்க்காதே என்று அர்த்தம். வந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டதைச் செய்து கொடுத்தார், காசு வாங்கினார். அந்த வசதியை மைக்ரோசாஃப்ட்டே வைத்திருக்கிறது.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தால் மஞ்சள், அதாவது எச்சரிக்கை. சி5 என்ற வரிசையில், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள்) எண்ணிக்கை ஏறியிருந்தது. விண்டோஸின் பிழைக் குறிப்பேடான ஈவென்ட் வியூவரில், கெட்டுப்போன பகுதி (பேட் பிளாக்) பற்றிய ஏழாம் எண் பிழைகள் பல வாரங்களாகக் குவிந்து கிடந்தன. டிஸ்க் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். "சரி தம்பி, அந்தச் செக்கிங்கையே ஓட்டி விட்டுரு. பேட் செக்டரையும் சரி பண்ணிடுமாமே."

"இப்ப ஓட்டக் கூடாது அண்ணாச்சி."

அவருக்குப் புரியவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற பலருக்கும் இது பிடிபடாத இடம்தான். இந்தச் சோதனையைச் செய்யும் செக்டிஸ்க்கின் வேலை டிரைவின் அமைப்பை ஒழுங்குபடுத்துவது. உங்கள் டிசைனைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. ஒரு ஃபைலின் பதிவு படிக்க முடியாமல் போனால், கிடைத்த துண்டுகளை ஃபவுண்ட் ஜீரோ ஜீரோ ஜீரோ என்ற ஃபோல்டரில் பெயரில்லாமல் போட்டுவிட்டு, எல்லாம் சரி என்று சொல்லிவிடும். ஆர் ஸ்விட்ச் போட்டு முழு டிஸ்க்கையும் படிக்கச் சொன்னால் இன்னும் மோசம். சாகப் போகிற டிஸ்க்கைக் கடைசி மூலை வரை தேய்த்துத் தேய்த்துப் படிக்கும். நல்ல டிஸ்க்கில் இது மருந்துதான், கெட்டுப்போகிற டிஸ்க்கில் வேண்டவே வேண்டாம்.

"அப்போ என்ன செய்யணும்?"

"முதல்ல காப்பி. செக்கிங் எல்லாம் காப்பியிலதான்."

புது டிஸ்க் வாங்கி வரச் சொன்னேன். பென்டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றி, கெட்ட டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவை ஓட்டினேன். அது அடம்பிடிக்கும் இடங்களை முதலில் விட்டுவிட்டு நல்ல பகுதிகளையெல்லாம் எடுத்துவிடும். பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். எதுவரை வந்தது என்று ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொள்வதால் நடுவில் நின்றாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. 500 ஜிபி நல்ல டிஸ்க் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. இது ராத்திரியெல்லாம் ஓடியது. ஆல்பம் வேலை நிற்கிறதே என்று முதலாளி ஒன்றிரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார், திட்டவில்லை. புது டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டியபோது சில ஃபைல்கள் துண்டாகிப்போனது தெரிந்தது. அவற்றில் பலவற்றுக்கு, 'பேக்கப் ஆஃப்' என்ற பெயரோடு கோரல்டிரா அதே ஃபோல்டரில் போட்டு வைக்கும் நகல் கைகொடுத்தது. இடத்தை அடைக்கிறது என்று அந்த நகல்களை அழித்துவிடும் பழக்கம் அந்த அக்காவுக்கு இல்லை. அதற்காக அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சோதனை கேட்கிற எல்லா டிஸ்க்கும் சாகப் போவதில்லை. சில இடங்களில் டிஸ்க்கை மெஷினோடு இணைக்கும் சாட்டா கேபிள் தளர்ந்திருக்கும். அப்போது சி5 சுத்தமாக இருக்க, கேபிள் வழியில் வரும் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறும். கேபிளை மாற்றினால் அந்த எண் குறையாது, ஆனால் அதற்கு மேல் ஏறாது. அதுதான் அடையாளம். ஆஃப்செட் மெஷின் ஓடும் ஹாலுக்கு ஒட்டிய அறைகளில் இதை அதிகம் பார்த்திருக்கிறேன். அதிர்வுதான் காரணம் என்பது என் சந்தேகம். இன்னும் சில மெஷின்களில் சோதனை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. டிரைவை நேரடியாகத் திறக்க முடியவில்லை, புதிதாகப் போட்ட ஏதோ ஒரு சாஃப்ட்வேர் தடுக்கிறது என்று அதுவே எழுதிக் காட்டும். குறி அழியாததால் தினமும் அதே வரி வரும். டிஸ்க்கைக் கழற்றிப் பார்க்கும் முன் ஆன்டிவைரஸைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

விண்டோஸ் 8-லிருந்து மைக்ரோசாஃப்ட் இந்த முறையை மாற்றிவிட்டது. விண்டோஸ் ஓடும்போதே தவறுகளைக் கண்டுபிடித்துக் குறித்து வைத்துக்கொள்கிறது. அவற்றை மட்டும் திருத்தக் கொஞ்ச நேரம் போதும். மணிக்கணக்கில் பெர்சன்டேஜ் பார்க்கும் காலம் பெரும்பாலும் போய்விட்டது. அதனாலேயே இப்போது யாருக்காவது அந்த ஸ்கிரீன் திரும்பத் திரும்ப வந்தால் முன்னைவிட எனக்கு அவசரம் கூடுகிறது.

அந்த பிரஸ்ஸில் 'கே, டி' சேர்க்கையை நீக்கிவிட்டு, மற்ற மெஷின்களின் பூட்எக்ஸிக்யூட்டையும் பார்த்தேன். பில் போடும் மெஷினிலும் அதே சேர்க்கை இருந்தது, இ டிரைவுக்கு. பழைய மெஷினிலிருந்து மாற்றிய டிஸ்க், இ இன்னும் பழைய எஃப்ஏடி 32-லேயே இருந்தது, கரண்ட் போனாலே செக்கிங் கேட்கும் முறை. சி5, சி7 போன்ற ஸ்மார்ட் எண்கள் எல்லாம் சுத்தம். மெஷினை விண்டோஸுக்குள் போக விடாமல் பயாஸ் ஸ்கிரீனில் நிறுத்திவிட்டுச் சுவர் சுவிட்சை அணைத்தேன். யுபிஎஸ் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. பேட்டரி எப்போதோ செத்திருந்தது. "இதுக்கும் புது டிஸ்க்கா?" என்று கேட்டார் முதலாளி. பேட்டரி மட்டும் போதும் என்றேன்.