நூல் தட்டுப்படவில்லை

சின்னவன் பிறந்து மூன்றாம் மாதம் லூப் போட்டேன்; கர்ப்பம் தங்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கிற, நூல் கட்டின சின்னச் செம்புக் கருவி அது. "மாதவிடாய் முடிஞ்சதும் நூலைத் தடவிப் பாருங்கோ" எண்டு மிட்வைஃப் சொல்லிவிட்டவா. ஆடி மாதம் தடவிப் பார்த்தேன், நூல் இல்லை.

"தானா விழுந்திருக்கும், யோசிக்காதையும்" எண்டா மச்சாள். எனக்கு மனம் கேட்கவில்லை. கொக்குவிலில் இருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை: கர்ப்பமில்லை. ஸ்கானில் கருப்பைக்குள் லூப்பைக் காணவில்லை. "அதுக்காக விழுந்திட்டுது எண்டு சொல்லேலாது, வயிற்றை எக்ஸ்றே எடுப்பம்" என்றார் டொக்டர். படத்தில் வெள்ளையாக, இடுப்பெலும்புக்கு மேலே சரிந்து கிடந்தது. பார்த்ததும் எனக்குக் கால் சோர்ந்துபோனது.

ஏறத்தாழ 1000 பேரில் ஒருவருக்கு இப்படிக் கருப்பைச் சுவரைத் துளைத்து வெளியேறுமாம்; பாலூட்டும் காலத்தில் போட்டால் வாய்ப்புக் கூட. எனக்கு ஒரு நோவும் இருக்கவில்லை. ஆனாலும் செம்பு உள்ளே கிடந்தால் குடல் ஒட்டிக்கொள்ளும், எடுக்கத்தான் வேணும் என்றார். சிறு துளையிட்டு, கமரா விட்டு எடுத்தார்கள்.

நூல் தட்டுப்படாவிட்டால் அன்றே ஆணுறைக்கு மாறுங்கோ, கிளினிக்குக்குப் போங்கோ. லூப்பில் எனக்குக் கோபமில்லை. அக்கா 8 வருடமாகச் சுகமாக வைத்திருக்கிறா.